அந்த மூடி இனி வராது

"அக்கா, அந்தப் பச்சை டப்பாக்கு மூடி மட்டும் தனியா கிட்டுமா?"

இரணியல், திங்கள்சந்தை பக்கம் டப்பர்வேர் விற்கிற அக்காமார் யாரும் இந்தக் கேள்வியிலிருந்து தப்பியிருக்க மாட்டார்கள். டப்பா பத்து வருஷமானாலும் கல்லு மாதிரி இருக்கும். மூடிக்கு மட்டும் கால் முளைக்கும் போல! பிள்ளை ஸ்கூலில் விட்டுவிட்டு வரும், இல்லையென்றால் பக்கத்து வீட்டுக்கு மீன் குழம்பு கொண்டுபோன டப்பா மொட்டையாகத் திரும்பி வரும். விசாரித்தால், கம்பெனி அந்த மாடலையே நிறுத்தி மூணு வருஷம் ஆகியிருக்கும்.

இதற்கு வழக்கமாகக் கிடைக்கிற பதில்கள் மூன்று. "இப்பம் ஸ்டாக் இல்ல." "அடுத்த மாசம் வரும்." "அத விடு மக்ளே, இத பாரு, புதுசு வந்திருக்கு." மூன்றிலும் ஒன்று மட்டும் இருக்காது. அது இனி வராது என்ற உண்மை! முதலில் சொல்ல வேண்டியதே அதைத்தான். புதுசைப் பற்றி அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

கடையில் வாங்கும் பொருளுக்கு இந்தச் சிக்கல் அவ்வளவாகக் கிடையாது. ஷெல்ஃபில் இல்லையென்றால் இல்லை. இந்தக் கடையில் இல்லாவிட்டால் நாகர்கோவிலில் தேடலாம். நேரடி விற்பனையில் கேட்பதற்கு ஒரே ஒரு இடம்தான், விற்றவரின் வீடு. அப்படி ஆனது தற்செயல் இல்லை. அமெரிக்காவில் ஏர்ல் டப்பர் 1951-இல் தன் பொருட்களைக் கடைகளிலிருந்து எடுத்துவிட்டு வீட்டு விருந்துகளில் மட்டும் விற்க ஆரம்பித்தார். அந்த மூடியை எப்படி அழுத்தி மூடுவது என்று பக்கத்தில் உட்கார்ந்து ஒருவர் செய்து காட்டினால்தான் விற்றது. பிரௌனி வைஸ் என்ற பெண்மணி அந்த விருந்து முறையைப் பெரிதாக வளர்த்தார். அதே முறை 1996-இல் இந்தியாவுக்கும் வந்தது. பிற்காலத்தில் கடையும் இணைய விற்பனையும் சேர்ந்தாலும், விருந்தில் வாங்கியவர் இன்றைக்கும் கேட்கப்போவது அந்த அக்காவிடம்தான்.

நம்ம ஊருக்கு நேரடி விற்பனை ஒன்றும் புதுசு இல்லை. குளச்சலிலிருந்தும் முட்டத்திலிருந்தும் மீன் சுமந்து வீட்டு வாசலுக்கு வருகிற அம்மாமார் எத்தனை காலமாக இதைச் செய்கிறார்கள்! "சாளை உண்டா?" என்று கேட்டால், "இன்னிக்கு இல்ல மக்ளே, நெத்திலி உண்டு" என்று பதில் வரும். இல்லை என்பது முதலில், உண்டு என்பது அடுத்து. நெத்திலியைக் காட்டி "இதுவும் சாளை மாதிரிதான்" என்று யாரும் சொல்வதில்லை. சொன்னால் மறுநாள் அந்தத் தெருவுக்குள் வர முடியாதே.

டப்பா விற்கிற அக்காவுக்கும் இதே தெருதான். கம்பெனி கேட்லாக்கை மாற்றிவிட்டுப் போய்விடும். அவர் அதே ரேஷன் கடை வரிசையில் நிற்க வேண்டும், அதே கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார வேண்டும். "அடுத்த மாசம்" என்று நாலு மாசம் சொன்னவருக்கு ஐந்தாவது மாசம் புது டப்பாவும் விற்காது. மாறாக, "அந்த மாடல் நிறுத்தியாச்சு, டப்பாவ கொண்டு வா, வேற மூடி பொருந்துதான்னு போட்டுப் பாப்போம்" என்று சொன்னால் அன்றைக்கு விற்பனை இருக்காது, அவ்வளவுதான். இந்த இடத்தில் இன்னொன்றையும் தெளிவாகச் சொல்லிவிடுவது நல்லது. ஆயுட்கால உத்தரவாதம் என்பது உடைந்ததற்கும் விரிசல் விட்டதற்கும்தான். தொலைத்ததற்கு இல்லை.

பழியை முழுக்க விற்பவர் தலையில் போடுவதும் சரியில்லை. பல நேரம் அவருக்கே தெரியாது. புது கேட்லாக்கில் அந்தப் படம் இல்லை என்பதை வைத்து அவரே ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான். எது நின்றது, எந்தத் தேதியோடு நின்றது, மூடியோ உதிரியோ இன்னும் எவ்வளவு நாள் கிடைக்கும் என்று ஒரு பக்கத்தில் எழுதி அனுப்பக் கம்பெனிக்கு எவ்வளவு செலவாகிவிடும்? 2021 டிசம்பரில் வந்த நேரடி விற்பனை விதிகள், பொருள், விலை, உத்தரவாதம், விற்பனைக்குப் பிந்தைய சேவை பற்றிச் சரியான, முழுமையான தகவல் தர வேண்டும் என்று விற்பவரைக் கட்டாயப்படுத்துகின்றன. தனக்கே வராத தகவலை அவர் எங்கிருந்து தருவார்?

மூடியோடு போனால் பரவாயில்லை. யுரேகா ஃபோர்ப்ஸ் 1982-இல் வாக்குவம் கிளீனரோடு வீட்டுக் கதவைத் தட்ட ஆரம்பித்த பிறகு, ஆயிரக்கணக்கில் விலையுள்ள மெஷின்களும் இந்த வழியில் வீட்டுக்குள் வந்துவிட்டன. எந்தக் கம்பெனி மெஷினானாலும், மாடல் நின்றால் ஃபில்டர் கிடைக்குமா என்பதுதான் கேள்வி. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 மார்ச்சிலிருந்து, வாஷிங் மெஷின் மாடலை நிறுத்தினாலும் முக்கிய உதிரிகளைப் பத்து வருஷம் தர வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. இங்கே 2022-இல் பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒரு இணையதளம் திறந்தார்கள். அது நல்ல ஆரம்பம், ஆனால் பத்து வருஷக் கட்டாயம் எதுவும் அதில் இல்லை.

சத்து மாவு, மாத்திரை விஷயத்தில் "இதுவும் அதே மாதிரிதான்" என்ற பேச்சு இன்னும் ஆபத்து. பழைய பவுடர் நின்றுபோய்ப் புதுப் பெயரில் ஒன்று வந்தால், அதில் சர்க்கரை எவ்வளவு என்று லேபிளைப் படிக்காமல் சுகர் உள்ள ஒரு பெரியவருக்கு எப்படிக் கொடுப்பது? வீட்டில் மிச்சமிருக்கும் பழைய ஸ்டாக்கைத் தள்ளிவிடுவதானாலும், டப்பாவின் அடியில் உள்ள தேதியைக் காட்டித்தான் கொடுக்க வேண்டும்.

2024 செப்டம்பரில் டப்பர்வேரின் தாய்க் கம்பெனியே அமெரிக்காவில் திவால் மனு கொடுத்தது. பிறகு கடன் கொடுத்தவர்கள் அதை வாங்கிக்கொண்டார்கள். தொடர்ந்து நடத்தப்போகும் நாடுகளின் பட்டியலில் இந்தியாவும் இருந்தது. அந்த நேரத்தில் "அக்கா, அப்பம் என் கேரண்டி?" என்று கேட்டவருக்கு, "ஒண்ணும் ஆவாது" என்று தைரியம் சொல்வதைவிட, "எனக்குத் தெரியல்ல, இது கம்பெனி குறைதீர் அதிகாரி நம்பர்" என்று எடுத்துக் கொடுப்பது மேல். 2021 விதிகளின்படி அந்த அதிகாரி 48 வேலை மணி நேரத்துக்குள் புகார் கிடைத்தது என்று பதில் தர வேண்டும், சாதாரணமாக ஒரு மாதத்தில் தீர்த்துவைக்கவும் வேண்டும்.