மாற்று டயருக்கும் வேண்டும் நட்சத்திரம்

சில மாதங்களுக்கு முன்பு என் ஹைபிரிட் காரின் நான்கு டயர்களையும் மாற்றினேன். திருவள்ளூரில் வசிக்கும் நான், கும்மிடிப்பூண்டியில் இருக்கும் மகள் வீட்டுக்குப் பெரியபாளையம், கவரைப்பேட்டை வழியாக வாரந்தோறும் சென்று வருகிறேன். அதே சாலை, அதே வேகம். பழைய டயர்களில் லிட்டருக்கு 22 கி.மீ. என்று காட்டிவந்த திரை, புதிய டயர்கள் மாட்டிய பிறகு 20 கி.மீ. என்று காட்டத் தொடங்கியது.

டயர் வாங்கும்போது, "இவற்றில் எரிபொருளைக் குறைவாகச் செலவழிப்பது எது?" என்று கடைக்காரரிடம் கேட்டிருந்தேன். "அளவு சரியா இருந்தா போதும் சார், எல்லாம் ஒண்ணுதான்" என்றார். அவரைக் குறை கூற மாட்டேன். அவர் கையிலிருந்த விலைப்பட்டியலில் அளவும் விலையும் மட்டுமே இருந்தன. நாற்பதாண்டு காலம் மாணவர்களுக்குப் பொருளாதாரம் கற்பித்த நானும், விலையை மட்டுமே பார்த்து வாங்கிவந்தேன்.

உண்மையில் எல்லா டயரும் ஒன்றல்ல. சாலையைத் தொடும் இடத்தில் டயர் ஒவ்வொரு சுற்றிலும் நசுங்கி விரிகிறது. அப்போது ரப்பர் சூடாகி, எரிபொருளின் ஆற்றலில் ஒரு பகுதி வெப்பமாக வீணாகிறது. இதையே 'உருள்தடை' என்கிறார்கள். காரில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு எரிபொருளும், கனரக லாரியில் மூன்றில் ஒரு பங்கு வரையும் இதற்கே செலவாகின்றன. ஹைபிரிட் கார் பிரேக் பிடிக்கும்போது வீணாகும் ஆற்றலில் ஒரு பகுதியை மீட்டு மின்கலத்தில் சேமிக்கிறது. டயரில் வெப்பமாகப் போனதை அதனாலும் மீட்க முடியாது. எனவே, எரிபொருளைச் சேமிப்பதற்காகவே கூடுதல் விலை கொடுத்து ஹைபிரிட் கார் வாங்கியவர், பொருத்தமற்ற டயரை மாட்டினால் அந்தச் சேமிப்பில் ஒரு பகுதியை இழக்கிறார்.

தேய்ந்த டயரைவிடப் புதிய டயருக்கு உருள்தடை சற்று அதிகம் என்பதையும் சொல்லியாக வேண்டும். என் இழப்பில் ஒரு பகுதி அதனால் நேர்ந்திருக்கலாம். ஆனால், எஞ்சிய பகுதி எவ்வளவு என்பதை வாங்கும் முன்பே அறிய எனக்கு எந்த வழியும் இருக்கவில்லை. அதுதான் சிக்கல்.

அமெரிக்காவின் போக்குவரத்து ஆராய்ச்சி வாரியம் 2006-இல் வெளியிட்ட அறிக்கை, உருள்தடை 10% குறைந்தால் காரின் எரிபொருள் செலவு 1 முதல் 2% வரை குறையும் என்று மதிப்பிட்டது. ஐரோப்பாவில் கார் டயர்களில் முதல் தரமான 'ஏ' பிரிவின் உருள்தடை, ஒரு டன் சுமைக்கு 6.5 கிலோவுக்கு மிகாமல் இருக்க வேண்டும். 'டி' பிரிவில் அது 10.5 கிலோ வரை செல்கிறது. ஒரே அளவுள்ள இரு டயர்களுக்கிடையே இவ்வளவு வேறுபாடு இருக்கக்கூடும்.

உருள்தடையில் 20% வேறுபாடு, அதனால் எரிபொருளில் 3% மிச்சம் என்றே கொள்வோம். ஒரு டயர்த் தொகுதி 40,000 கி.மீ. ஓடும், லிட்டருக்கு 20 கி.மீ. கிடைக்கும் என்றால் 2,000 லிட்டர் பெட்ரோல் தேவை. அதில் 3% என்பது 60 லிட்டர். லிட்டர் ரூ.100 என்று வைத்தால் ரூ.6,000. அதாவது, ஒரு டயருக்கு ரூ.1,500 வரை கூடுதலாகக் கொடுத்தாலும் நட்டமில்லை. ஆண்டுக்கு 60,000 கி.மீ. ஓட்டும் வாடகைக் கார் ஓட்டுநருக்கு இதே 3% ஆண்டுக்கு ரூ.9,000 ஆகிறது. ஓய்வூதியம் பெறும் எனக்கு இது சிறு தொகை. கடன் வாங்கிக் கார் ஓட்டுபவருக்கு அது ஒரு மாதத் தவணையாகவே இருக்கலாம்.

புதிய காருடன் வரும் டயருக்கும், நாம் பின்னர் வாங்கும் மாற்று டயருக்கும் இடையே சட்டம் காட்டும் வேறுபாடு கவனிக்கத்தக்கது. 2017 முதல் கார் நிறுவனங்கள் தாம் விற்கும் கார்களின் சராசரி எரிபொருள் செலவை அரசு நிர்ணயித்த வரம்புக்குள் வைத்திருக்க வேண்டும். 2022-இல் அந்த வரம்பு மேலும் இறுக்கப்பட்டது. எனவே, உருள்தடை குறைந்த டயரைத் தேர்ந்தெடுப்பது நிறுவனத்துக்கே ஆதாயம். ஆனால், அந்த டயர் தேய்ந்த பிறகு தேர்வு செய்யும் பொறுப்பு, எந்தத் தகவலும் இல்லாத நம்மிடம் வந்து சேர்கிறது.

அரசு எதுவுமே செய்யவில்லை என்று கூற முடியாது. உருள்தடை, ஈரச்சாலைப் பிடிமானம், ஓசை ஆகிய மூன்றுக்கும் வரம்பு விதித்து மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2022 ஜூனில் அறிவிக்கை வெளியிட்டது. ஆனால், அது மோசமான டயரைத் தடுக்குமே தவிர, தேர்ச்சி பெற்றவற்றுள் சிறந்தது எது என்று சொல்லாது. அதைச் சொல்வதற்காக எரிசக்தித் திறன் பணியகம் டயருக்கும் நட்சத்திரக் குறியீட்டைக் கொண்டுவந்தது. ஆனால், நிறுவனங்களின் விருப்பத்தைப் பொறுத்த திட்டமாகவே அது தொடங்கப்பட்டது. நான் ஏறி இறங்கிய கடைகளில் அந்தக் குறியீட்டைக் காணவில்லை.

விற்பவருக்குத் தெரிந்த தரம் வாங்குபவருக்குத் தெரியாதபோது நல்ல பொருள் சந்தையில் பின்தள்ளப்படும் என்பதை, 1970-இல் பழைய கார் சந்தையை எடுத்துக்காட்டி ஜார்ஜ் அகர்லாஃப் விளக்கினார். 2001-இல் நோபல் பரிசும் பெற்றார். கண்ணுக்குத் தெரியாத தரத்துக்கு எவரும் கூடுதல் விலை கொடுப்பதில்லை. விலை கிடைக்காத தரத்தை உற்பத்தியாளர் ஏன் தரப்போகிறார்?

நம் மாவட்டத்தில் இது ஒரு முரணாகவும் இருக்கிறது. கும்மிடிப்பூண்டி வட்டம் தேர்வாய்கண்டிகை சிப்காட்டில் மிஷெலின் நிறுவனத்தின் பெரிய டயர் ஆலை இயங்குகிறது. சிலிக்காவை ரப்பரில் கலந்து, பிடிமானம் குறையாமல் உருள்தடையைக் குறைக்கும் நுட்பத்தை 1990-களின் தொடக்கத்தில் சந்தைக்குக் கொண்டுவந்தது இந்நிறுவனம்தான். இந்தியாவில் தயாராகும் டயர் ஐரோப்பியக் கடைக்குச் சென்றால், 2012 முதல் அங்குள்ள விதிப்படி தரச்சீட்டோடுதான் விற்கப்பட வேண்டும். ஆலைக்கு அருகே வசிக்கும் நமக்கு அந்தச் சீட்டு இல்லை.

தரச்சீட்டு வந்தால் விலை உயரும், நம் சாலைகளுக்கு உழைக்கும் டயரே முக்கியம் என்று சிலர் கூறுவர். உழைப்பும் பிடிமானமும் முக்கியமே. வடகிழக்குப் பருவமழையில் கண்டெய்னர் லாரிகளுக்கிடையே ஜி.என்.டி. சாலையில் ஓட்டுபவர், எரிபொருளை மிச்சப்படுத்துவதற்காக ஈரப்பிடிமானத்தை விட்டுக்கொடுக்கக் கூடாது. அதனால்தான் இரண்டையும் ஒரே சீட்டில் அருகருகே காட்ட வேண்டும் என்கிறேன். குளிர்சாதனப் பெட்டிக்கும் ஏ.சி.க்கும் நட்சத்திரக் குறியீடு முதலில் விருப்பமாகத்தான் இருந்தது, 2010-இல் கட்டாயமானது. இன்று நட்சத்திரத்தைப் பார்க்காமல் ஏ.சி. வாங்குவோர் அரிது.

எனவே, மாற்று டயர்களுக்கு நட்சத்திரக் குறியீட்டை, தேதி குறித்துக் கட்டாயமாக்க வேண்டும். கடையிலும் இணைய விற்பனையிலும் விலைச்சீட்டிலும் அது இடம்பெற வேண்டும். அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் டயர் கொள்முதலில், விலையோடு அதன் ஆயுட்கால எரிபொருள் செலவையும் சேர்த்து மதிப்பிட வேண்டும். கச்சா எண்ணெய்த் தேவையில் 85%-க்கும் மேல் இறக்குமதி செய்யும் நாட்டுக்கு இது சிறிய சீர்திருத்தமன்று.

அதுவரை நாம் செய்யக்கூடியவையும் உண்டு. காருடன் வந்த டயரின் அளவு, சுமைக் குறியீடு, மாதிரிப் பெயர் ஆகியவற்றைக் குறித்துவைத்து, மாற்றும்போது அதே மாதிரியைக் கேட்கலாம். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கம் தயாரிப்பு வாரத்தையும் ஆண்டையும் குறிக்கும். 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். மாதம் ஒருமுறையேனும் காற்றழுத்தம் பார்ப்பது அவசியம். நான்கு டயரிலும் அழுத்தம் ஒரு புள்ளி குறைந்தால் எரிபொருள் சிக்கனம் ஏறத்தாழ 0.2% குறையும்.

இவற்றையெல்லாம் நான் டயர் வாங்கிய பிறகுதான் தேடித் தெரிந்துகொண்டேன். வாங்குவதற்கு முன்பே, கடை வாசலிலேயே இவை ஒவ்வொருவருக்கும் தெரிய வேண்டும்.

கட்டுரையாளர்: பொருளாதாரப் பேராசிரியர் (ஓய்வு).