டன் கணக்கில் எழுதிய பாதுகாப்பு

ஒரு சரக்குக் கப்பலில் வேலை பார்ப்பவரிடம் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வரை வேலை வாங்கலாம்? 2006-ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை இதற்கு இரண்டு விடை தருகிறது. ஒன்று: வேலை நேரம் ஏழு நாளில் 72 மணியைத் தாண்டக் கூடாது. மற்றொன்று: ஓய்வு ஏழு நாளில் 77 மணிக்குக் குறையக் கூடாது. வாரத்துக்கு 168 மணி. அதில் 77-ஐக் கழித்தால் மிஞ்சுவது 91. ஒரே பத்தியில், ஒரே உடம்புக்கு, 72-உம் சட்டம், 91-உம் சட்டம். கப்பல் எந்த நாட்டின் கொடியோடு ஓடுகிறதோ, அந்த நாடு இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம்.

இந்த 19 மணி நேர வித்தியாசம் காகிதத்தோடு நின்றுவிடுவதில்லை. சிறிய கப்பல்கள் பலவற்றில் காவல் முறைக்கு இரண்டே பேர்தான்: கேப்டனும் அவருக்கு அடுத்த அதிகாரியும். ஆறு மணி நேரம் இவர், ஆறு மணி நேரம் அவர். இரவு 12 மணிக்கு இறங்குகிறவர் சாப்பிட்டு, குளித்து, கண்ணயர்ந்து, காலை 6 மணிக்கு மறுபடி மேலே நிற்க வேண்டும். நாளுக்கு 12 மணி, வாரத்துக்கு 84. முதல் விடைப்படி இது மீறல். இரண்டாவதின்படி முறையான வேலை. துறைமுகத்துக்குள் நுழைந்துவிட்டால் சரக்கு, சோதனை, காகித வேலை எல்லாம் அதற்கு மேல். ஓய்வு நேரப் பதிவேட்டில் மட்டும் எல்லாம் சரியாக இருக்கும். பதிவேட்டைச் சட்டத்துக்கு ஏற்றபடி சரிக்கட்டி எழுதுவது கப்பல்களில் ஊறிப்போன பழக்கமாகிவிட்டதை உலகக் கடல்சார் பல்கலைக்கழகத்தின் 2020-ஆம் ஆண்டு ஆய்வு விரிவாகவே காட்டியது.

இரண்டு விடை எப்படி வந்தது என்று பார்த்தால் நூறாண்டுக் கதை ஒன்று பின்னால் நிற்கிறது. 1919-ல் வாஷிங்டனில் கூடிய முதல் சர்வதேசத் தொழிலாளர் மாநாடு, தொழிற்சாலைகளுக்கு நாளொன்றுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று வரையறுத்தது. கடலை அதில் சேர்க்கவில்லை. கடலுக்கென்று 1920-ல் ஜெனோவாவில் தனி மாநாடு கூட்டினார்கள். அங்கே மாலுமிகளின் வேலை நேர உடன்படிக்கை மூன்றில் இரண்டு பங்கு வாக்கு கிடைக்காமல் மயிரிழையில் தோற்றது. பிறகு 1936, 1946, 1949, 1958 என நான்கு முறை எழுதினார்கள். ஒன்றுகூட நடைமுறைக்கு வரவில்லை. போதுமான நாடுகள் ஏற்காததே காரணம். கடைசியில் 1996-ல் எல்லோரும் கையெழுத்திடக்கூடிய ஒரு வாசகம் கிடைத்தது. அதுதான் இந்த 72-அல்லது-77. பத்து ஆண்டு கழித்து அது அப்படியே 2006 உடன்படிக்கைக்குள் வந்து சேர்ந்தது.

கடல் வேறு, கரை வேறு என்பது கப்பல் முதலாளிகளின் பழைய வாதம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. புயலின் நடுவே எட்டு மணி நேரம் முடிந்தது என்று யாரும் இறங்கிப் போக முடியாது. அந்த மாதிரி ஆபத்தில் ஓய்வை நிறுத்திவைக்கக் கேப்டனுக்கு எல்லாச் சட்டமும் அதிகாரம் கொடுத்தே இருக்கிறது. ஆனால் அந்த ஒரு நியாயத்தைப் பிடித்துக்கொண்டு, புயலோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத சலுகைகளை எல்லாம் கடல் விதிகளுக்குள் ஏற்றிவிட்டார்கள். சட்டம் கப்பலின் டன்னை அளந்தது, கொடியைப் பார்த்தது, சரக்கைக் கேட்டது. வேலை செய்கிற ஆளைக் கடைசியில்தான் பார்த்தது. கடல் பாதுகாப்பு விதிகளின் முரண்களுக்கு வேர் இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

சாமுவேல் பிளிம்சாலின் கோட்டை எடுத்துக்கொள்ளலாம். அளவுக்கு மீறிச் சரக்கேற்றி, காப்பீட்டை நம்பி அனுப்பப்பட்ட கப்பல்கள் மூழ்கி மாலுமிகள் சாவதை 1873-ல் புத்தகமாக எழுதி, பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் கூச்சலிட்டு, 1876-ல் சட்டம் வாங்கினார் அவர். கப்பலின் பக்கவாட்டில் ஒரு வட்டம், நடுவே ஒரு கோடு. கோடு தண்ணீரில் மூழ்கும் அளவுக்குச் சரக்கேற்றக் கூடாது. ஆனால் கோட்டை எந்த உயரத்தில் போடுவது என்பதை அந்தச் சட்டம் கப்பல் முதலாளியிடமே விட்டுவிட்டது. கோட்டின் இடத்தையும் சட்டமே நிர்ணயிக்க 1890 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பதினான்கு ஆண்டுகள் அது வெறும் வண்ணப்பூச்சாகவே இருந்தது.

1906-ல் வந்த வணிகக் கப்பல் சட்டம் இன்னும் கூர்மையான சாட்சி. பிரிட்டிஷ் மாலுமி ஒருவருக்குக் கப்பலில் இருக்க வேண்டிய தங்குமிடத்தை 72 கன அடியிலிருந்து 120 கன அடியாக அது உயர்த்தியது. லஸ்கர்கள் என்று அழைக்கப்பட்ட இந்திய மாலுமிகளுக்கு அந்த உயர்வு இல்லை. அவர்களுக்கு இந்தியச் சட்டம் சொன்ன அளவு 36 கன அடி. ஆறடி நீளம், மூன்றடி அகலம், இரண்டடி உயரம் என்று வைத்துப் பாருங்கள். ஒரு மனிதன் படுத்தால் நிரம்பிவிடும் பெட்டி. அதே கப்பல், அதே அலை, அதே நிலக்கரிப் புகை. சில்ஹெட்டிலிருந்து வந்து கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போட்டவரின் நுரையீரலுக்குக் காற்று குறைவாகப் போதும் என்று அந்தச் சட்டங்கள் எந்த மருத்துவரைக் கேட்டு முடிவு செய்தன?

டைட்டானிக் கதை எல்லோருக்கும் தெரியும், சுருக்கமாகச் சொல்லிவிடலாம். உயிர்காப்புப் படகுகளின் எண்ணிக்கையைச் சொன்ன பிரிட்டிஷ் அட்டவணை 10,000 டன்னோடு நின்றுபோயிருந்தது. 46,000 டன் கப்பல் 1912-ல் புறப்பட்டபோது சட்டம் கேட்டதைவிட அதிகப் படகுகளோடுதான் புறப்பட்டது. அவற்றில் இருந்த இடம் 1,178 பேருக்கு. கப்பலில் இருந்தவர்கள் சுமார் 2,200 பேர்.

எண்பது ஆண்டுகூட ஆகாத நிலையில் வடகடலில் நடந்ததைத்தான் நாம் இன்னும் நிதானமாகப் படிக்க வேண்டும். பிரிட்டனில் 1974-ல் வந்த பணியிடப் பாதுகாப்புச் சட்டம் உலகம் முழுக்க முன்மாதிரியாகப் பேசப்பட்டது. தொழிலாளர்கள் தங்கள் பாதுகாப்புப் பிரதிநிதியை வைத்துக்கொள்ளும் உரிமை 1977-ஆம் ஆண்டு விதிகளால் கரையில் வந்துவிட்டது. கடலுக்கு நடுவே எண்ணெய் எடுக்கும் மேடைகளுக்கு வரவில்லை. அங்கே பாதுகாப்பைக் கண்காணித்தது எரிசக்தித் துறை. எண்ணெய் உற்பத்தியைப் பெருக்க வேண்டிய பொறுப்பும் அதே துறைக்குத்தான். இரண்டையும் பிரிக்கலாமா என்று ஆராய்ந்த குழு 1980-ல் வேண்டாம் என்றது. தொழிற்சங்கத் தரப்பு உறுப்பினர்கள் மட்டும் மறுத்து எழுதினார்கள். கடலைப் பிரிக்கும் எல்லைக்கோட்டுக்கு அந்தப் பக்கம், நார்வேயில், தேர்ந்தெடுக்கப்பட்ட தொழிலாளர் பிரதிநிதிக்கு ஆபத்தான வேலையை நிறுத்தும் அதிகாரமே இருந்தது. ஒரே கடல்தான் அது.

1988 ஜூலை 6 இரவு, பைப்பர் ஆல்ஃபா மேடையில் ஒரு பம்பின் பாதுகாப்பு வால்வைப் பழுது பார்க்கக் கழற்றியிருந்தார்கள். பம்புக்கு ஒரு அனுமதிச் சீட்டு, வால்வுக்கு வேறொரு சீட்டு; இரண்டும் ஒன்றாக வைக்கப்படவில்லை. இரவு முறைக்கு வந்தவர்கள் பம்பின் சீட்டை மட்டும் பார்த்து அதை ஓடவிட, வாயு கசிந்து வெடித்தது. தீயணைப்புப் பம்புகள் தாமாக ஓடவில்லை. கடலுக்கடியில் முக்குளிப்பவர்கள் வேலை செய்யும் காலத்தில் தண்ணீர் அவர்களை உள்ளே இழுத்துவிடாதபடி, அந்தப் பம்புகளைக் கையால் மட்டும் இயக்கும்படி மாற்றிவைப்பது பைப்பரின் வழக்கம். நியாயமான அக்கறைதான். ஆனால் அதே நிறுவனத்தின் அடுத்த மேடையான கிளேமோரில், முக்குளிப்பவர் பம்பின் வாய்க்கு அருகே போனால் மட்டுமே அப்படி மாற்றினார்கள். ஒரே முதலாளி, ஒரே ஆபத்து, இரண்டு வழக்கம். கிளேமோர், பைப்பர் எரிவதைக் கண்டபிறகும் உடனே நிறுத்தாமல் குழாயில் எண்ணெயை அனுப்பிக்கொண்டிருந்தது. 167 பேர் இறந்தார்கள். பாதுகாப்புப் பிரதிநிதி உரிமை 1989-ல் மேடைகளுக்கு வந்தது. கரைக்கான விதிகள் எழுதப்பட்டுப் பன்னிரண்டு ஆண்டு கழித்து. விபத்தை விசாரித்த நீதிபதி கல்லனின் 1990 அறிக்கை 106 பரிந்துரைகளைத் தந்தபின், கண்காணிப்பும் எரிசக்தித் துறையின் கையைவிட்டுப் போனது.

சாவு எண்ணிக்கை பெரிதாக இருந்தால் விதி மாறுகிறது. ஒருவர் இருவராகச் சாகிற இடத்தில் மாற்றம் மிக மெதுவாக வருகிறது. கப்பலின் நங்கூரச் சங்கிலி அறையில் இரும்பு துருப்பிடிக்கும்போது காற்றிலுள்ள ஆக்சிஜனையும் தின்றுவிடும். உள்ளே இறங்கியவர் சுருண்டு விழுவார். காப்பாற்ற ஓடுகிற இரண்டாமவரும் விழுவார். உள்ளே காற்று எப்படி இருக்கிறது என்று அளந்து சொல்லும் கையடக்கக் கருவி கப்பல்களில் இருக்க வேண்டும் என்று உலகளவில் கட்டாயமானது 2016 ஜூலை முதல்தான்.

மேலே சொன்ன எந்த ஏற்பாட்டுக்கும் வெளியே நிற்பவர்கள் மீனவர்கள். 2006 உடன்படிக்கை மீன்பிடிப் படகுகளைச் சேர்க்கவில்லை. மீன்பிடிக் கலங்களின் பாதுகாப்புக்காக 1977-ல் டொரெமொலினோசில் எழுதிய உடன்படிக்கை நடைமுறைக்கே வரவில்லை. வந்திருந்தாலும் 24 மீட்டருக்குக் குறைந்த படகுகளுக்கு அது பொருந்தியிருக்காது. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது இதன் பொருள் கன்னியாகுமரிக்குப் புரிந்தது. 300 டன்னும் அதற்கு மேலும் உள்ள சரக்குக் கப்பல் சர்வதேசக் கடலில் போனால், மூழ்கும் நேரத்தில் தானே மிதந்து செயற்கைக்கோளுக்கு இடம் சொல்லும் கருவி 1993 முதல் அதில் கட்டாயம். கன்னியாகுமரியின் தூத்தூர்க் கரையிலிருந்து, பல நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிக்கும் தங்குகடல் தொழிலுக்குப் போன விசைப்படகுகள் பலவும் அதே ஆழ்கடலில்தான் நின்றன. பெரும்பாலானவற்றில் இருந்தது, சில பத்துக் கடல்மைல் எட்டும் வயர்லெஸ் மட்டும். புயல் எச்சரிக்கை வெளியாவதற்குப் பல நாள் முன்பே போனவர்களுக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவே இல்லை.

கரையில் அடுத்த கொடுமை நடந்தது. எத்தனை பேர் திரும்பவில்லை என்று அரசிடம் ஒரு கணக்கு, ஊர்களிடம் வேறு கணக்கு. தேவாலயப் பங்குகளும் மீனவர் அமைப்புகளும் வீடு வீடாகப் போய்ப் பெயர் எழுதின. மீன்பிடித் தொழிலுக்கென்று 2007-ல் எழுதிய தனி உடன்படிக்கை ஒன்று இருக்கிறது. 188 என்ற எண் கொண்ட அது 2017 நவம்பர் 16-ல், ஒக்கிக்கு இரண்டு வாரம் முன்பு, உலகில் நடைமுறைக்கு வந்தது. படகு புறப்படும் முன்போ, புறப்பட்ட உடனேயோ அதில் இருப்பவர்களின் பெயர்ப் பட்டியல் கரையில் பொறுப்பான ஒருவரிடம் இருக்க வேண்டும் என்பது அதன் விதிகளில் ஒன்று. தாய்லாந்து 2019-ல் அதை ஏற்றது. இந்தியா ஏற்கவில்லை. வேலை நேரத்தை ஒரே எண்ணாக்குவதற்கு உலக நாடுகள் இன்னும் பல மாநாடு கூட வேண்டியிருக்கலாம். ஆனால் இந்த 188-ஆம் உடன்படிக்கையை ஏற்க நமக்கு வேறு எந்த நாட்டின் சம்மதமும் தேவையில்லை. டெல்லி அதை உடனே ஏற்க வேண்டும். ஏற்கும்வரை காத்திராமல், தங்குகடல் போகும் ஒவ்வொரு படகின் பெயர்ப் பட்டியலையும் மீன்பிடித் துறைமுகத்திலேயே வாங்கிவைப்பதைச் சென்னை சட்டமாக்க வேண்டும்.