கேப்டனும் தவறணையும்

2011 தமிழகச் சட்டமன்றத் தேர்தலின்போது, திருவாரூரில் கருணாநிதியின் பிரசாரத்தைத் தொடக்கிவைத்த கூட்டத்தில் வடிவேலு பேசினார். விஜயகாந்தின் ‘கேப்டன்’ பட்டத்தை எடுத்துக்கொண்டு, கப்பலையும் தண்ணியையும் வைத்து ஒரு சிலேடை. கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. இங்கே மலையகத்திலும் சிரித்தார்கள். விஜயகாந்த் படம் போட்டால் லயத்தில் ஒரு வீட்டு டிவியைச் சுற்றிப் பத்து வீட்டார் உட்கார்ந்த காலம் உண்டு. வடிவேலு எல்லா வீட்டுக்கும் சொந்தக்காரர். அந்தப் பேச்சு ஹட்டன் பஸ் ஸ்டாண்ட் வரை வர அதிக நேரம் ஆகவில்லை.

அரசியல்வாதி ஒருவரின் குடியைக் கேலி செய்வது நியாயமா என்ற கேள்வி தேர்தலுக்குத் தேர்தல் எழுந்து அடங்குகிறது. பொதுவாழ்க்கைக்கு வந்தவர் கேலியைத் தாங்கத்தான் வேண்டும் என்பார்கள் சிலர். நோயைக் கேலி செய்யாதே என்பார்கள் சிலர். குடிநோயோடு தினமும் வேலை செய்கிற நாம் முதலில் பார்க்க வேண்டியது, அந்தக் கேலி எழுந்த மேடை யாருடையது என்பதை.

அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் இதே குற்றச்சாட்டைச் சொன்னவர் ஜெயலலிதா. விஜயகாந்த் குடித்துவிட்டுச் சட்டசபைக்கு வருகிறார் என்றார். ஊற்றிக் கொடுத்தது நீங்களா என்ற பொருளில் அவர் திருப்பிக் கேட்டார். 2011இல் இருவரும் ஒரே கூட்டணி. உடனே அந்தப் பேச்சு அ.தி.மு.க. மேடையிலிருந்து காணாமல் போய், தி.மு.க. மேடையில் நகைச்சுவையாகப் பிறந்தது. 1983இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் தொடங்கிய டாஸ்மாக் நிறுவனத்திடம் சில்லறை மது விற்பனை முழுவதையும் 2003இல் ஒப்படைத்தவர் ஜெயலலிதா. 2006இல் வந்த கருணாநிதி அதை அப்படியே தொடர்ந்தார். அரசாங்கமே கடை திறந்து விற்றது. கடை நடத்திய இரு தரப்பும் முறை வைத்துக்கொண்டு, குடிப்பதாகத் தாங்களே சொன்ன ஒருவரைக் காட்டிச் சிரித்தன. கடையைப் பற்றி அந்த மேடைகளில் ஒரு பகிடிகூட இல்லை.

விஜயகாந்துக்குக் குடிநோய் இருந்தது என்று சொல்ல நம்மிடம் எந்த ஆதாரமும் இல்லை. எதிரிகள் மேடையில் சொன்னதுதான் உண்டு. அந்தத் தேர்தலில் அவருடைய தே.மு.தி.க. 29 இடங்களை வென்றது, அவர் எதிர்க்கட்சித் தலைவரானார். பிறகு அவர் உடல் தளர்ந்தது, பேச்சு குழறியது. தெளிவில்லாமல் பேசிய ஒவ்வொரு காணொளியும் மீமாக மாறியது. பார்த்தவர்கள் எல்லாரும் வைத்தியரானார்கள். எல்லாருடைய மருத்துவக் குறிப்பிலும் ஒரே வரிதான்: “தண்ணி.” அவர் வெளிநாடு போய்ச் சிகிச்சை எடுத்தார். 2022இல் நீரிழிவால் கால்விரல்கள் அகற்றப்பட்டன. 2023 டிசம்பர் 28 அன்று அவர் இறந்தபோது சென்னையில் திரண்ட கூட்டத்தையும், வெட்டி ஒட்டிச் சிரித்த அதே கைகள் எழுதிய அஞ்சலிகளையும் பார்த்தோம்.

குழறும் பேச்சும் தடுமாறும் நடையும் எத்தனை காரணங்களால் வரலாம் என்று இவ்விதழின் வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இரத்தத்தில் சீனி இறங்கியிருக்கலாம், பக்கவாதம், தலைக்காயம், வலிப்புக்குப் பிந்திய மயக்கம், தைரொயிட் கோளாறு. தெரிந்தும், இரவு பதினொரு மணிக்கு லொறியில் ஏற்றிக்கொண்டு வரப்படும் தோட்டத் தொழிலாளியின் வாயில் சாராய வாடை அடித்தால் நம் விடுதிகளில் முதலில் வரும் வாக்கியம் என்ன? “குடிச்சிட்டு விழுந்திருக்கு, காலையில பார்ப்போம்.” பக்கத்தில் நிற்பவர் சிரிப்பார். தலைக்குள் கசியும் இரத்தம் காலை வரை காத்திருக்காது.

சிரிப்பால் வரும் கேட்டை மனம் புண்படுவதோடு நிறுத்திவிடுகிறோம். அதன் மருத்துவப் பக்கத்தைச் சொல்கிறேன். கால் முறிந்து வார்டில் படுத்திருக்கும் ஒருவரிடம் தாதி கேட்கிறார்: “குடிக்கிறதா?” அடுத்த கட்டில்காரர் முந்திக்கொள்கிறார்: “அவரா மிஸ்? அவருதான் நம்ம டிவிசன் கேப்டன்.” வார்டே சிரிக்கிறது. அவர் சொல்கிறார்: “எப்பயாச்சும் ஒரு கால் போத்தல், மிஸ்.” தினமும் ஒரு போத்தலுக்குக் குறையாமல், அதிலும் கசிப்பு, காலையிலேயே தொடங்குகிற மனிதர் அவர். கட்டில் அட்டையில் ‘எப்போதாவது’ என்று பதிவாகிறது. கடைசியாகக் குடித்து ஆறேழு மணி நேரத்தில் கை நடுங்குகிறது. வலி என்று நினைக்கிறார்கள். முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். மூன்றாம் நாள் இராத்திரி சேலைன் குழாயைப் பிடுங்கிக்கொண்டு, சுவரில் பூச்சி ஊருகிறது என்று எழுந்து ஓடுகிறார். அப்போதுதான் ‘டெலிரியம் ட்ரெமென்ஸ்’ என்ற எண்ணமே வருகிறது. முதல் நாளே உண்மையைச் சொல்லியிருந்தால் மருந்து அளவு போட்டிருக்கலாம், குளுக்கோஸுக்கு முன் தயமின் கொடுத்திருக்கலாம். சொல்லவிடாமல் தடுத்தது அந்தச் சிரிப்பு.

பெண்களின் நிலை இதைவிட மோசம். தோட்டத்தில் குடிக்கும் பெண்கள் இருக்கிறார்கள் என்பதை நாம் அறிவோம், நம் பதிவேடுகள் அறியாது. ஆணின் குடி மேடையில் பகிடி ஆகிறது, பெண்ணின் குடி அதற்குக்கூடத் தகுதி பெறாமல் அசிங்கமாகவே நிற்கிறது. அவர்கள் ஈரல் வீங்கிய பிறகுதான் நம்மிடம் வருகிறார்கள்.

இந்த நாட்டில் ஒரு வினோதம். 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகாரசபையை அமைத்தது, மதுசார விளம்பரத்தைத் தடை செய்தது. அதன் பின் தொலைக்காட்சியில் ஓடும் படங்களில் போத்தலையும் கிளாஸையும் மங்கலாக்கிக் காட்டுகிறார்கள். தள்ளாடுகிற நகைச்சுவை நடிகரை மங்கலாக்குவதில்லை. பிள்ளைகளுக்குப் போத்தல் தெரிவதில்லை, குடிகாரன் என்றால் சிரிக்க வேண்டும் என்பது மட்டும் தெளிவாகத் தெரிகிறது.

மலையகத்து மேடைகளுக்கும் இந்தப் பகிடி அந்நியமில்லை. எதிர்க் கட்சிக்காரர் இரவு எட்டு மணிக்கு மேல் ‘கிடைக்கமாட்டார்’ என்று ஜாடையாகச் சொல்லிக் கைதட்டல் வாங்காத தேர்தல் இருந்ததா? பெயர்களை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் நானும் அதே மேடையில் ஏறியவனாவேன். ஆனால் அதே தேர்தலின் கடைசி இரண்டு இரவுகளில் லயங்களுக்குள் போத்தல் வந்து இறங்குவதை நம் வெளிக்கள உத்தியோகத்தர்கள் ஒவ்வொரு முறையும் சொல்கிறார்கள். மூன்று மாதம் குடிக்காமல் இருந்தவர்களை அந்த இரண்டு இரவுகளில் இழக்கிறோம். 2024இல் வழங்கப்பட்ட மதுபான அனுமதிப்பத்திரங்களின் பட்டியலைச் சபைத் தலைவர் பிமல் ரத்நாயக்க அந்த ஆண்டு டிசம்பரில் பாராளுமன்றத்தில் சமர்ப்பித்தபோது, சிபாரிசு செய்த அரசியல்வாதிகள் யார் யார் என்று நாடே கேட்டது. கேலிச்சித்திரக்காரருக்கு அதைவிட நல்ல விருந்து கிடைக்குமா? சம்பள நாளன்று ஆண்கள் எங்கே போவார்கள் என்று தெரிந்தே அந்த வழியில் பார் திறக்கச் சிபாரிசுக் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டு, அடுத்த மாதம் போதை ஒழிப்பு ஊர்வலத்தில் முன்வரிசையில் நடப்பவரை எவ்வளவு வேண்டுமானாலும் கேலி செய்யலாம். அவர் ஒரு சொட்டும் குடிக்காதவராக இருக்கலாம். பெரும்பாலும் அப்படித்தான் இருப்பார்.

நம் மக்களுக்கு யாரைப் பார்த்துச் சிரிப்பது என்று ஒரு காலத்தில் தெரிந்திருந்தது. 1947இல் தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றம் போன சி.வி. வேலுப்பிள்ளை தொகுத்த மலைநாட்டு மக்கள் பாடல்களில் கங்காணியும் கணக்கப்பிள்ளையும் துரையும் படும் பாட்டைப் படித்துப் பாருங்கள். கீழே நின்று மேலே பார்த்துச் சிரித்த சிரிப்பு அது.

அப்படியானால் பதவியில் இருப்பவரின் குடியைப் பற்றிப் பேசவே கூடாதா? பேசலாம், பல வேளை பேசியே ஆக வேண்டும். நம்மவர்கள் நிறைய வாழும் டொரண்டோவின் மேயர் ரொப் ஃபோர்ட், கிராக் கொக்கெய்ன் புகைத்த காணொளி இருப்பதாக 2013 மே மாதம் செய்தி வந்தபோது மறுத்தார். நவம்பரில், புகைத்தது உண்மைதான், அநேகமாகப் போதையில் கிடந்தபோதாக இருக்கலாம் என்று ஒப்புக்கொண்டார். அந்த ஆறு மாதப் பொய் நகரத்தாரிடம் சொன்ன பொய். அதைக் கிண்டலடித்த அமெரிக்கத் தொலைக்காட்சிக்காரர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. 2014இல் அவர் சிகிச்சை நிலையத்துக்குப் போன பிறகும் அந்தப் பகிடிகள் நிற்கவில்லை. சிகிச்சைக்குப் போவதும் ஒரு கேலிக்கூத்து என்று குடிக்கிறவர்கள் கற்றுக்கொண்டது அங்கேதான். 2016இல் புற்றுநோயால் அவர் இறந்தபோது வயது 46.

சிரிப்பு உண்மையை வெளியே கொண்டுவரும் என்பது நகைச்சுவைக்காரர்களின் வாதம். பிரித்தானிய லிபரல் டெமொக்ரட் தலைவர் சார்ள்ஸ் கென்னடியின் கதை அதற்கு எதிர்ச்சாட்சி. அவர் குடியைப் பற்றி வெஸ்ட்மின்ஸ்டரில் எல்லாரும் பகிடி விட்டுக்கொண்டிருந்தார்கள். 2002இல் தொலைக்காட்சிப் பேட்டியில் ஜெரமி பக்ஸ்மன் நேராகவே கேட்டார். கென்னடி மறுத்தார். கேட்டது முறையற்றது என்று பேட்டியாளர் பக்கம்தான் கண்டனம் திரும்பியது. பகிடியாகவே இருந்த ஒன்றைப் பகிடி என்று சொல்லித் தட்டிவிடுவது அவருக்கு எளிதாயிற்று. 2006 ஜனவரியில் தன் குடிப்பிரச்சினையை ஒப்புக்கொண்டு இரண்டே நாளில் பதவி விலகினார். 2015 ஜூன் 1 அன்று 55 வயதில் இறந்தார். குடி அவர் சாவுக்குக் காரணமாக இருந்ததைக் குடும்பமே அறிவித்தது. நம் நோயாளிகளும் இதைத்தான் செய்கிறார்கள். தன்னைத் தானே கேலி செய்து, எல்லாரையும் சிரிக்கவைத்து, நாம் கேட்க வந்த கேள்வியை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். கூடச் சிரித்தால் அன்றைய அமர்வு முடிந்தது.

பஞ்சாபின் பகவந்த் மான் வேறு வகை. அவரே தொழில்முறை நகைச்சுவையாளர். 2019 ஜனவரியில் பர்னாலா கூட்டத்தில், தாயும் கெஜ்ரிவாலும் பக்கத்திலிருக்க, இனிக் குடிப்பதில்லை என்று அறிவித்தார். 2022இல் முதலமைச்சரானார். அவர் கண் சிவந்தால் இன்றும் எதிர்க்கட்சிக்காரர்கள் விடுவதில்லை. இங்கே மாலை போட்டு, கோயிலில் சத்தியம் பண்ணி, கையில் கயிறு கட்டிக்கொண்டு வருகிறவர்களை நினைத்துக்கொள்கிறேன். விரத நாட்களில் அந்தக் கயிறு உண்மையாகவே தாங்குகிறது, குறை சொல்ல மாட்டேன். ஊர் பார்க்கச் செய்த சத்தியம் வழுவினால் ஊரே பார்த்துச் சிரிக்கும். மறுபடி விழுவது இந்த நோயின் இயல்பு என்று நாம் எத்தனை முறை பயிற்சியில் சொன்னாலும், விழுந்தவர் லயத்துக் கோடியில் தன் பிள்ளைகள் முன்னால் கேட்கிற சிரிப்புக்கு நம்மிடம் மருந்தில்லை. அவர் திரும்ப நம்மிடம் வர மாதங்கள் ஆகின்றன. சிலர் வருவதேயில்லை.

ஊடகத்திலிருந்து நமக்கு வரும் அழைப்புகள் பற்றியும் சொல்ல வேண்டும். ஓர் அரசியல்வாதியின் காணொளியை அனுப்பி, “இது குடியா, வேறேதுமா, ஒரு நிபுணர் கருத்து வேண்டும்” என்பார்கள். 1964இல் அமெரிக்காவில் ஃபக்ட் என்ற சஞ்சிகை 12,356 மனநல வைத்தியர்களுக்குக் கடிதம் எழுதி, ஜனாதிபதி வேட்பாளர் பரி கோல்ட்வோட்டர் மனநிலையில் தகுதியானவரா என்று கேட்டது. 1,189 பேர், அவரைச் சோதித்துப் பார்க்காமலே, தகுதியற்றவர் என்றார்கள். கோல்ட்வோட்டர் வழக்குப் போட்டு வென்றார். நேரில் பரிசோதிக்காத ஒருவரைப் பற்றிக் கருத்துச் சொல்லாதே என்ற விதி 1973இல் அமெரிக்க மனநல வைத்தியர் சங்க ஒழுக்கக் கோவையில் ஏறியது அந்த அவமானத்தால். நமக்கு அப்படி எழுதிய விதி தேவையா என்று எனக்குச் சந்தேகம். காணொளியைத் திறக்காமலே “தெரியாது” என்று பதில் அனுப்பும் பழக்கம் போதும்.

அடுத்த இதழில் மதுவிலகல் அறிகுறிகளை மதிப்பிடும் படிவத்தை மலையகப் பேச்சு வழக்கில் வெளியிடுகிறோம். ‘கால்’, ‘அரை’, ‘முழுசு’, கசிப்பு என்று அளவுகளை மக்கள் சொல்கிற மாதிரியே கேட்கும் படிவம். கட்டிலைச் சுற்றித் திரை இழுத்துவிட்டுக் கேளுங்கள். பிரதேச செயலகக் கூட்டத்தில் புதிய பார் அனுமதி பற்றிய பேச்சு வந்தால் திரை வேண்டாம். அங்கே எல்லார் காதிலும் விழ, சிபாரிசு செய்தவரின் பெயரைக் கேட்டு, மனம்விட்டுச் சிரியுங்கள்.