கர்ப்பச்சிதைவும் புருஷன் கையெழுத்தும்



புதுச்சேரிப் பட்டணத்திலாகட்டும், வில்லியனூர், பாகூர் பக்கத்துக் கிராமங்களிலாகட்டும், நாம் கூட்டம் பேசி முடித்து இறங்கினால், நம்மைத் தனியே அழைத்துப்போய்ச் சிலர் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. கடவுள் உண்டா இல்லையா என்று ஆயிரம் பேர் நடுவில் உரக்கக் கேட்கத் தைரியமுள்ளவர்கள்கூட இதை மாத்திரம் குரலைத் தாழ்த்தித்தான் கேட்கிறார்கள். "வீட்டில் நாள் தள்ளிப் போயிருக்கிறது. இப்போது குழந்தை வேண்டாமென்று நினைக்கிறோம். ஆஸ்பத்திரிக்குப் போனால் போலீசில் பிடித்துக் கொடுப்பார்களா?" என்பதே அது.

பிடித்துக் கொடுக்கமாட்டார்கள். 1971-ல் பார்லிமெண்டில் நிறைவேறி, 1972 ஏப்ரல் 1-ந் தேதி முதல் அமுலில் இருந்து வரும் கர்ப்பச்சிதைவுச் சட்டம் என்பதாக ஒன்று உண்டு. அதன்படி, கர்ப்பத்தால் பெண்ணின் உயிருக்கோ, தேகத்துக்கோ, மனதுக்கோ பெருந்தீங்கு என்று வைத்தியர் கருதினால் கர்ப்பத்தை நீக்கலாம். கர்ப்பத்தடை முறை பலிக்காமல் உண்டான கர்ப்பமும் அவ்விதத் தீங்கென்றே கொள்ளப்படும். 20 வாரம் வரை ஒரு வைத்தியரின் அபிப்பிராயமே போதும். கர்ப்பத்தடை பலிக்காமற்போன இடத்தில் "விவாகமான ஸ்திரீ, அவளது புருஷன்" என்றிருந்த வாசகத்தை 2021-ல் "ஸ்திரீ, அவளது துணைவர்" என்று திருத்தினார்கள். விவாகமாகாதவள் என்ற காரணத்துக்காக ஒரு பெண்ணை இச்சட்டத்திற்கு வெளியே தள்ளக்கூடாதென்று 2022 செப்டம்பர் 29-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டும் சொல்லிவிட்டது.

ஆனாலும் இதில் நமக்கு முழுத் திருப்தி இல்லை. வெள்ளைக்காரன் 1860-ல் எழுதின பீனல்கோடில் 312-வது பிரிவாக இருந்த குற்றம், 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 88-வது பிரிவாக உட்கார்ந்திருக்கிறது. புஸ்தகத்தின் பெயரை சமஸ்கிருதமாக்கியவர்களுக்குக் குற்றத்தை எடுத்துவிட மனம் வரவில்லை. பெண்ணின் இஷ்டம் என்பது இன்னமும் வைத்தியரின் அபிப்பிராயம் என்ற வேலிக்கு உட்பட்டதாகவே இருக்கிறது.

நிற்க, ஆஸ்பத்திரியில் நடப்பதென்ன என்று பார்ப்போம். சர்க்கார் ஆஸ்பத்திரி சட்டப்படி இதற்கு உரிய இடம். தனியார் ஆஸ்பத்திரியானால் இதற்கென்று அனுமதி பெற்றிருக்கவேண்டும். எல்லைப்பிள்ளைச்சாவடியில் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான சர்க்கார் ஆஸ்பத்திரி இருக்கிறது. கோரிமேட்டில் ஜிப்மர் இருக்கிறது. முதலில் கேட்பது கடைசியாக மாதவிடாய் கண்ட தேதி. (அதைத் தீட்டென்று மூலையில் உட்காரவைத்த நாட்டில் தேதியை எவள் குறித்து வைக்கிறாள்?) அந்த முதல் நாளிலிருந்தே வாரக்கணக்கு போடுவார்கள். ஆகையால் நாள் தள்ளிப் பத்து நாள் ஆயிற்று என்று நாம் நினைக்கும்போது வைத்தியர் கணக்கில் ஐந்து வாரம் தாண்டியிருக்கும். பிறகு இரத்தச்சத்து, இரத்த வகுப்பு, இரத்த அழுத்தம் பார்ப்பார்கள். வேண்டுமானால் ஸ்கேனும் எடுப்பார்கள். கரு கர்ப்பப்பைக்கு வெளியே குழாயில் தங்கியிருந்தால் மாத்திரை அதைக் கலைக்காது, குழாய் வெடித்தால் உயிரே போகும் என்பதால் இதை அலட்சியம் செய்யக்கூடாது.

ஒன்பது வாரத்துக்குள்ளானால் மாத்திரையிலேயே காரியம் முடியும். முதல் நாள் கொடுப்பது மிபெப்ரிஸ்டோன்; கர்ப்பத்தைத் தாங்கும் சுரப்பு நீரின் வேலையை அது நிறுத்திவிடும். மூன்றாம் நாள் கொடுப்பது மிசோப்ரோஸ்டால். அது கர்ப்பப்பையைச் சுருங்கச் செய்யும். இந்த இரண்டாவது மருந்துக்குப் பிறகு சில மணி நேரத்தில் அடிவயிறு முறுக்கி வலிக்கும், மாதவிடாயைவிட அதிகமாகப் போகும், கட்டியும் விழும். குளிர், வாந்தி, பேதி அன்றைக்கு வருவது சகஜம். வலிக்கு மாத்திரை கேட்டு வாங்கிக்கொள்ளவேண்டும்; பெண் என்றால் வலியைப் பொறுக்கவேண்டும் என்பது எந்த வைத்திய சாஸ்திரத்திலும் இல்லை. பிறகு உதிரம் கொஞ்சங்கொஞ்சமாகக் குறைந்து ஒன்றிரண்டு வாரம் வரை காணும். பதினைந்தாம் நாள் திரும்பப் போய்க் காட்டவேண்டும். நூற்றுக்குச் சில பேருக்கு முழுதும் வெளியேறாமல் நின்றுவிடுவதுண்டு. மாத்திரை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும், பன்னிரண்டு வாரம் வரை உள்ளவர்களுக்கும் குழாய் வைத்து உறிஞ்சி எடுக்கும் முறை இருக்கிறது. மரத்துப்போக ஊசி போட்டுச் செய்வது. கால்மணி நேர வேலை. பெரும்பாலும் அன்றே வீடு திரும்பலாம்.

மணிக்கு இரண்டு துணி வீதம் தொடர்ந்து இரண்டு மணி நேரம் நனைந்தாலும், மறுநாளும் சுரம் விடாதிருந்தாலும், துர்நாற்றம் வீசினாலும், வலி தாங்கமுடியாமல் மயக்கம் வந்தாலும், இரண்டாம் மருந்துக்குப் பிறகு உதிரமே காணாவிட்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும். நடுராத்திரியானாலும் விடியட்டும் என்று இருக்கக்கூடாது.

இவ்வளவுதான் விஷயம். இதன் பிறகு குழந்தையே பிறக்காது என்று கிழவிகள் சொல்லுவது பொய். முறைப்படி செய்ததால் மலடாவதில்லை. அடுத்த மாதவிடாய் வருமுன்னேகூட மறுபடி கர்ப்பம் தரிக்கலாம் என்பதுதான் உண்மை. ஆகவே கர்ப்பத்தடை முறையையும் அப்போதே கேட்டுக்கொள்ளுவது புத்தி. ஆனால் "ஆபரேஷனுக்கு ஒப்புக்கொண்டால்தான் இதைச் செய்வோம்" என்று எவரேனும் பேரம் பேசினால், அதற்குச் சட்டத்தில் இடமில்லை என்று சொல்லலாம்.

சாமர்த்தியசாலிகள் சிலர், மருந்துக்கடையில் புருஷனை அனுப்பி, சீட்டில்லாமல் மாத்திரை வாங்கிவரச் செய்கிறார்கள். எத்தனை வாரம், கரு எங்கே இருக்கிறது, இரத்தம் எவ்வளவு என்பது கடைக்காரனுக்குத் தெரியுமா? முந்தைய தலைமுறையில் எருக்கங்குச்சியைச் சொருகி, சீழ் பிடித்துச் செத்த பெண்கள் எத்தனை பேர்! அந்தச் சாவுகளையெல்லாம் வயிற்றுவலி என்றும், காத்துக்கருப்பு என்றும் சொல்லி மூடினவர்கள் நம் ஜனங்கள்தானே?

"சிசுஹத்தி மகாபாதகம்" என்று வைதீகர்கள் கூச்சலிடுகிறார்கள். பால்ய விதவைக்கு மறுமணம் கூடாதென்று விதித்தவர்களும் இவர்களே. அவள் கர்ப்பவதியானபோது இரவோடிரவாகக் கிணற்றைக் காட்டினவர்களும் இவர்களே. அந்நாளில் எங்கே போயிற்று இந்தக் கருணை? பெண் சிசு என்று கண்டறிந்து அழிப்பதை நாமும் எதிர்க்கிறோம். 1994-ம் வருஷச் சட்டம் ஆணா பெண்ணா என்று பார்த்துச் சொல்லுவதையே குற்றமாக்கியிருக்கிறது. ஆனால் அதை இதனோடு முடிச்சுப் போட்டு, ஆறு வாரக் கர்ப்பத்தோடு வருகிறவளை விரட்டுவது பித்தலாட்டமாகும்.

நம் ஊரை ஆண்ட பிரெஞ்சுக்காரனும் இதில் யோக்கியனாக இருந்தவனல்லன். 1943 ஜூலை 30-ந் தேதி, பெண்களுக்குக் கர்ப்பம் கலைத்ததற்காக மரீ லூயீஸ் ஜிரோ என்ற பெண்ணைப் பாரிஸில் சிரச்சேதம் செய்தார்கள். அதே நாடு 1975-ல் சிமோன் வெய் என்ற பெண் மந்திரியின் முயற்சியால் சட்டத்தை மாற்றிற்று. 2024 மார்ச்சில் இந்த உரிமையை அரசியல் சட்டத்திலேயே எழுதிக்கொண்டது. நாமோ பிரெஞ்சுக்காரனிடமிருந்து போலீஸ்காரனின் சிவப்புத் தொப்பியைப் பத்திரமாக வைத்துக்கொண்டிருக்கிறோம்.

இனி கையெழுத்துக்கு வருவோம். சில இடங்களில் பெண் தனியாக வந்தால் "புருஷன் எங்கே? அவன் கையெழுத்துப் போட்டால்தான்" என்று திருப்பி அனுப்புவதாக நம்மிடம் பலர் சொல்லியிருக்கிறார்கள். வேலைக்காக வெளியூர் போனவனும், குடித்துவிட்டு விழுந்து கிடப்பவனும், விட்டுவிட்டு ஓடினவனும் வந்து கையெழுத்திடுவது எப்போது? அவனைத் தேடுவதற்குள் ஒன்பது வாரம் பன்னிரண்டாகிறது. மாத்திரையில் முடிய வேண்டியது ஆயுதத்துக்குப் போகிறது. பிள்ளை பெறும்போது கையெழுத்தா கேட்டான்? வயிறு அவளுடையது, வலி அவளுடையது, சாவதானாலும் அவளே சாவாள். அனுமதி மாத்திரம் அவனுடையதா? பதினெட்டு வயது நிறைந்தவளுக்கு அவளுடைய சம்மதம் ஒன்றே போதும் என்பது சட்டம். தன்னைக் கேளாமல் மனைவி கர்ப்பத்தை நீக்கினாள் என்று நஷ்டஈடு கேட்டு வழக்காடின ஒரு புருஷனைப் பஞ்சாப் ஹைக்கோர்ட்டு 2011-லும், சுப்ரீம் கோர்ட்டு 2017-லும் வெறுங்கையோடு அனுப்பின. அவளது பெயரையும் விவரத்தையும் அதிகாரமில்லாதவரிடம் வைத்தியர் வெளியிட்டால் ஒரு வருஷம் வரை சிறைத் தண்டனையும் உண்டு.

பதினெட்டு வயது நிறையாத பெண்ணானால் காப்பாளரின் சம்மதம் வேண்டும்; போலீசுக்குத் தெரிவிக்கும் கடமையும் வைத்தியருக்கு உண்டு. ஆனால் பெண்ணும் காப்பாளரும் கேட்டுக்கொண்டால் பெயரைத் தெரிவிக்க வேண்டியதில்லை என்று மேற்சொன்ன 2022-ம் வருஷத் தீர்ப்பு கூறுகிறது.

சம்மதக் காகிதத்துக்கு 'சி' படிவம் என்று பெயர். போகிற பெண் அதைக் கேட்டு வாங்கி, எழுத்துக்கூட்டியாவது படித்துப் பார்க்கட்டும். படிக்கத் தெரியாதவளுக்கு உடன் போகிறவர்கள் படித்துக் காட்டட்டும். அதில் அவள் கையெழுத்துக்கு இடமிருக்கிறது. காப்பாளருக்கென்று உள்ள பகுதி வயது நிறையாதவளுக்கும், மனநோயுள்ளவளுக்கும்தான். புருஷனுக்கென்று ஒரு கோடுகூட அதில் போடவில்லை.