தேர்ந்து தாக்கும் மருந்து தோட்டத்தையும் தேடி வரவேண்டும்

புற்றுநோய் என்றாலே மரண ஓலை என நடுங்கிய காலம் மாறி வருகின்றது. பழைய மருந்துகள், விரைந்து பெருகும் கலங்கள் அனைத்தையுமே தாக்கின. நோயோடு தலைமயிரும் குருதியும் குடலும் கெட்டன. களை எடுக்கப் போய்த் தேயிலைச் செடியையும் வெட்டிச் சாய்த்த கதை அது.

இன்றைய விஞ்ஞானமோ களையை இனங்கண்டு களைகின்றது. கலத்தினுள் ஒரு புரதம் மற்றொன்றைப் பற்றுவதாலேயே ‘வளர்’, ‘நில்’, ‘மடி’ என்னும் கட்டளைகள் செல்கின்றன. ஒருவகை இரத்தப் புற்றுநோயில் 9ஆம், 22ஆம் நிறமூர்த்தங்களின் துண்டுகள் இடம்மாறி, ஓயாது ‘வளர்’ என ஏவும் புரதமொன்றைத் தோற்றுவிக்கின்றன. 2001இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இமாட்டினிப், அப்புரதம் சக்தி பெறும் குழியை அடைத்துவிடுகின்றது. வேறொரு வகை இரத்தப் புற்றுநோய்க்கென 2016இல் அனுமதி பெற்ற வெனெட்டோகிளாக்ஸ், மடியவேண்டிய கலத்தை மடியவிடாது காக்கும் புரதத்தின் பிடியையே விடுவிக்கின்றது.

இத்தகைய மருந்து பணம் படைத்தோருக்கு மட்டுந்தானா? இமாட்டினிப்பின் பளிங்கு வடிவமொன்றுக்கு நொவார்ட்டிஸ் கம்பனி கேட்ட காப்புரிமையைச் சென்னை அலுவலகம் 2006இல் மறுத்தது. 2013 ஏப்ரல் 1ஆந் திகதி இந்திய உச்ச நீதிமன்றமும் அவ்வுரிமை இல்லையென்றே தீர்ப்பளித்தது. மாதமொன்றுக்கு ஏறத்தாழ 1,20,000 இந்திய ரூபா விலை கூறப்பட்ட மருந்தை, இந்தியக் கம்பனிகள் 10,000 ரூபா அளவில் விற்றன.

நம் நாட்டிலும் வழிகாட்டி இல்லாமலில்லை. 1971இல் அமைந்த அரச மருந்துக் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவர் பேராசிரியர் சேனக பிபிலே, வணிகப் பெயரை விடுத்து மருந்தின் பொதுப்பெயரிலேயே விலைகோரி வாங்கும் முறையை நிலைநாட்டினார். அம்முறையைப் புதிய மருந்துகளுக்கும் உறுதியாகக் கையாளவேண்டும்.

விலை குறைந்தால் மட்டும் போதாது. எப்புரதம் பிழைத்ததெனப் பரிசோதித்தறிந்த பின்னரே இத்தகைய மருந்துகள் பல பயன்படும். இமாட்டினிப் நாள்தோறும் வீட்டிலேயே விழுங்கத்தக்க மாத்திரைதான். ஆயினும் இடையில் நின்றால் அடங்கிய நோய் மீண்டும் தலைதூக்கக்கூடும். 2022இன் பொருளாதார நெருக்கடியில் புற்றுநோய் மருந்துகளுக்கும் தட்டுப்பாடு வந்ததை நாடு மறக்கலாகாது. இறம்பொடையில் கொழுந்து பறிக்கும் பெண் கண்டிக்கோ மகரகமைக்கோ போகும் ஒவ்வொரு நாளும் அவளுக்குச் சம்பளமற்ற நாளே. இலவச வைத்தியம் என்ற சொல் அவ்விழப்பை ஈடுசெய்யுமா?

நோயாளியை மலையிறக்க வேண்டாம். அவரது இரத்த மாதிரி இறங்கட்டும், மருந்து மலையேறட்டும். நுவரெலியா மாவட்ட வைத்தியசாலைகள் வழியே மாதந்தோறும் தடையின்றி மாத்திரை கிடைக்க அரசாங்கம் ஆவன செய்யவேண்டும். தேர்தல்தோறும் லயன் வாசலுக்கு வாக்குக் கேட்டு வருவோர் இதனைப் பாராளுமன்றத்தில் கேட்பார்களா? கேட்கவைப்பது நம் கடனன்றோ!