கையில் பை எங்கே?

ஒருமுறை பயன்படுத்தி எறியும் ஞெகிழிப் பொருள்களுள் 14 வகைகளைத் தமிழ்நாட்டரசு 2019 சனவரி முதல் நாள் தொட்டுத் தடை செய்தது. 2021 திசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தையும் தொடங்கியது. ஆயினும், கடைக்கு வெறுங்கையோடு சென்று ஞெகிழிப்பை கேட்டு நிற்பவர் யார்? நாமல்லமோ!

நொடிப்பொழுதில் நாம் எறியும் அப்பை மண்ணில் மக்குவதில்லை. கழிநீர்க் காலை அடைக்கின்றது. மேயும் ஆவின் வயிற்றில் தங்கி அதனைக் கொல்கின்றது. சட்டம் கடைக்காரரை ஒறுக்கும். நம் சோம்பலை ஒறுக்குமோ?

அன்பர்களே! புறப்படுகையில் துணிப்பை எடுங்கள். எண்ணெய்க்கு ஏனம் கொண்டு செல்லுங்கள். விருந்திற்கு வாழையிலை இடுங்கள். மண்ணைக் காப்போம் என மேடையில் முழங்கிவிட்டு, ஞெகிழிப்பையோடு வீடு திரும்புதல் நமக்கு இழுக்கு. நாளைக் காலையே நம் வீட்டு வாயிலில் மாற்றம் தொடங்கட்டும்!