இரசாயனப் புரொபசரும் குங்குமப் பொட்டும்

சர்வகலாசாலை இரசாயனப் புரொபசருக்கு வேலை என்னவென்றால், பாடம் சொல்லுவது, மாணாக்கர்களைக் கையால் சோதனை செய்யப் பழக்குவது, பரீட்சைக் காகிதம் திருத்துவது, தாமும் புதிதாக ஒன்றை ஆராய்ந்து வெளியிடுவது என்பார்கள். சரியே. ஆனால் இவைகளுக்கெல்லாம் அடிப்படையான வேலை ஒன்றுண்டு. சோதித்துப் பாராமல் எதையும் ஒப்புக்கொள்ளாத புத்தியை மாணாக்கனுக்கு உண்டாக்குவதே அது. அதைத் தவிர மற்றெல்லாம் செய்யும் புரொபசர்கள்தான் நம் நாட்டில் மலிந்து கிடக்கின்றார்கள்.

ஆயுத பூசையன்று காலேஜ் சோதனைச் சாலைக்குள் போய்ப் பாருங்கள். ஒரு கிராமில் பதினாயிரத்தில் ஒரு பங்கையும் நிறுத்துச் சொல்லும் தராசுக்குச் சந்தனம், குங்குமம்! கந்தகத் திராவகப் புட்டிக்குப் பூமாலை! விரல் அழுக்குப் பட்டாலே கணக்குத் தப்பிவிடும் என்று நேற்று வரை மாணாக்கனை அதட்டியவரே இன்று அதற்குப் பொட்டு வைத்துக் கற்பூரம் காட்டுகின்றார். கற்பூரம் எரிந்தால் கரியமில வாயுவும் நீராவியும் கரியும் வருமேயல்லாமல் மோட்சம் வராது என்பது அவருக்கா தெரியாது?

"அது அவரவர் சொந்த நம்பிக்கை" என்று சிலர் சமாதானம் சொல்லலாம். வீட்டில் அவர் எதைக் கும்பிட்டாலும் நாம் எட்டிப் பார்க்கப் போவதில்லை. தராசு அவர் பாட்டன் சொத்தல்லவே! தீப்பெட்டியும் செருப்பும் வாங்குகின்ற கூலிக்காரன் கொடுக்கும் வரியில் வாங்கியதல்லவா?

புரொபசர் எப்படியிருக்க வேண்டுமென்று பார்க்கச் சீமைக்குப் போக வேண்டியதில்லை. கல்கத்தாவில் பிரபுல்ல சந்திர ராய் என்று ஒருவர் இருந்தார். எடின்பரோவில் டாக்டர் பட்டம் பெற்று, 1889-ல் மாதம் 250 ரூபாய் சம்பளத்தில் பிரஸிடென்ஸி காலேஜில் சேர்ந்தவர். 1896-ல் மெர்க்குரஸ் நைட்ரைட் என்னும் உப்பைப் பற்றி வெளியிட்டுப் பேர் பெற்றார். அதற்கு முன்பே, மருந்துச் சரக்குகளை இங்கேயே செய்ய வேண்டுமென்று கசாப்புக்காரர்களிடம் மாட்டெலும்பு வாங்கித் தம் மொட்டை மாடியில் குவித்தார். மழையில் சதை அழுகிப் புழு வைத்து, காக்கை கூடி, அக்கம்பக்கத்தார் சண்டைக்கு வந்தார்கள். அவர் விட்டாரில்லை. வேறிடத்தில் எலும்பைச் சுட்டுச் சாம்பலாக்கி, கந்தகத் திராவகமும் சோடாவும் சேர்த்து மருந்துப்பு எடுத்தார். 1892-ல் பெங்கால் கெமிக்கல் பிறந்தது இப்படித்தான். செத்த மாட்டைத் தொடுகின்றவன் தீண்டத்தகாதவன் என்கின்ற நாட்டில், மாட்டெலும்பைக் காய்ச்சினவர் புரொபசர்!

அவர் எழுதிய இந்து இரசாயன சரித்திரத்தின் முதல் பாகம் 1902-ல் வந்தது. "பார், எங்கள் முன்னோர் பெருமை" என்று மார்தட்டப் பண்டிதர்கள் அதைத் தூக்கிக்கொண்டு வருகின்றார்கள். இந்நாட்டில் விஞ்ஞானம் ஏன் செத்தது என்று அதே புஸ்தகத்தில் எழுதியிருப்பதை மட்டும் வாசிக்கமாட்டார்கள். கைத்தொழில் கீழ்ஜாதிக்கென்று தள்ளப்பட்டதால் யோசிக்கின்ற தலையும் வேலை செய்கின்ற கையும் பிரிந்து போயின. பிணத்தை அறுத்துப் பார்த்தே ரணவைத்தியம் கற்க வேண்டுமென்றார் சுசுருதர், பிணத்தைத் தொட்டாலே தீட்டு என்றது மனு. போதாததற்கு உலகமே மாயை என்ற சங்கர வேதாந்தம். இவைகளே அவர் சொல்லும் காரணங்கள். இத்தனைக்கும் அவர் நம் கட்சிக்காரருமல்ல, நாஸ்திகருமல்ல, பிரம்ம சமாஜத்தார்.

1921-ல் 60 வயதானதும், பின்னால் வரும் சம்பளம் முழுவதையும் இரசாயன இலாகாவின் விருத்திக்கே விட்டுவிட்டு, சர்வகலாசாலை சயன்ஸ் காலேஜில் ஓர் அறையிலேயே வசித்து 1936 வரை புரொபசர் வேலை பார்த்தார்.

நம் புரொபசர்களைச் சம்பளத்தை விடும்படி நாம் கேட்கவில்லை. காலேஜில் பிள்ளைகள் படிக்கின்ற தோழர்கள், அடுத்த ஆயுத பூசைக்கு முன் அவர்களை ஒன்று கேட்கச் சொல்லட்டும்: "ஐயா, பொட்டு வைத்த தராசிலும் வைக்காத தராசிலும் ஒரே சாமானை நிறுத்துக் காட்டுவீர்களா?" வருகின்ற பதிலை எழுதியனுப்பினால் அப்படியே பிரசுரிக்கின்றோம்.